காற்றாலை மின்முன்கணிப்பு ஆய்வுகள்: கட்டுரையில் பாதியாகும் பிழை நடைமுறையில் ஏன் குறைவதில்லை?

வளிமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காற்றாலை மின்னுற்பத்தி முன்கணிப்பில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் இயலை எழுதத் தொடங்கியதிலிருந்து ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அண்மைக் காலத்தில் வந்த கட்டுரைகளில் பெரும் பகுதி ஒரே வார்ப்பில் இருக்கிறது. ஒரு பண்ணையின் பத்து நிமிடத் தரவை எடுக்கிறார்கள். வேவ்லெட் முறையிலோ வேறு கூறுபிரிப்பு முறையிலோ அதை மெதுவான அலைவுகள், வேகமான அலைவுகள் எனப் பல கூறுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கூறுக்கும் ஒரு நரம்பணு வலைப்பின்னலைப் பயிற்றுவித்து, வெளியீடுகளைக் கூட்டி, முந்தைய முறைகளைவிடப் பிழை பாதியாகிவிட்டது என்று அட்டவணை போடுகிறார்கள். அடுத்து வரும் கட்டுரை அதையும் பாதியாக்குகிறது.

நடைமுறையிலோ, அடுத்த நாளுக்கான கணிப்பில் ஒரு தனிப் பண்ணையின் சராசரிப் பிழை நிறுவுதிறனில் (பண்ணை தரக்கூடிய உச்ச உற்பத்தியில்) 10 சதவீதத்தைத் தாண்டுவது இன்றும் சாதாரணம். இந்த இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும்? எதை வைத்து இந்தக் கட்டுரைகளைச் சலித்தெடுப்பது?

கட்டுப்பாட்டறை எழுதியது:

முதலில் ஒவ்வொரு கட்டுரையும் எவ்வளவு நேரம் முன்னதாகக் கணிக்கிறது என்று பாருங்கள் அம்மா. பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மின்தொகுப்பை இயக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அனல்மின் நிலையத்தின் எந்த அலகை நாளை ஓட்டுவது, எதை நிறுத்திவைப்பது என்ற முடிவை இன்றே எடுத்தாக வேண்டும். ஆறிப்போன கொதிகலனைச் சூடேற்றி மீண்டும் சுமையேற்றப் பல மணி நேரம் பிடிக்கும். அந்த முடிவுக்கு வேண்டியது அடுத்த நாள் கணிப்பு. பத்து நிமிடக் கணிப்பு உடனடிச் சரிக்கட்டலுக்கு உதவும்; அலகுத் தேர்வுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடவே கூடாது.

அடுத்து, “இப்போது எவ்வளவோ அப்போதும் அவ்வளவே” என்று சொல்லும் நிலைமுறைக் கணிப்பு அந்தக் கட்டுரையில் ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். முதல் சில மணி நேரங்களுக்கு அதைத் தோற்கடிப்பது உண்மையிலேயே கடினம். ஏறக்குறைய ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் வானிலை மாதிரியின் (வளிமண்டலத்தைக் கணினியில் கணக்கிட்டுக் கணிக்கும் அமைப்பின்) துணையில்லாத எந்த முறையும் தாக்குப்பிடிக்காது. பத்து நிமிடக் கட்டுரை ஒன்று நிலைமுறையை விட்டுவிட்டு இரண்டு நரம்பணு வலைகளை மட்டும் ஒப்பிட்டிருந்தால், மேற்கொண்டு படிக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

இடைமதிப்பு எழுதியது:

நிலைமுறை குறித்து ஒன்று சேர்க்கிறேன். குறுகிய நேர எல்லையில் அது வலுவான எதிராளி. நீண்ட எல்லையில் மிகவும் பலவீனமானது. 24 மணி நேரக் கணிப்பில் அதை வென்றதாகச் சொல்வது ஒரு சாதனை அல்ல. அந்தத் தொலைவில் நீண்டகாலச் சராசரியே பல இடங்களில் அதை வென்றுவிடும். டென்மார்க்கில் நீல்சன், மேட்சன் முதலியோர் 1998-இல் இதற்காகவே ஒரு புதிய ஒப்பீட்டுக் கணிப்பை முன்வைத்தார்கள். கடைசி அளவீட்டையும் நீண்டகாலச் சராசரியையும், அந்த நேர இடைவெளிக்குரிய தன்னொட்டுறவை (தொடரின் இப்போதைய மதிப்பும் பிந்தைய மதிப்பும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவை) எடையாகக் கொண்டு கலப்பதே அந்த முறை. ஒற்றை வரிச் சூத்திரம். கணினியில் எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது. எந்த நேர எல்லைக்கும் பொருந்துகிற நேர்மையான அளவுகோல் அது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் உங்கள் கேள்வியின் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது: தரவுக் கசிவு. கணிப்பு வெளியிடப்படும் நேரத்தில் யாருக்கும் தெரிந்திருக்க முடியாத தகவல் மாதிரிக்குள் நுழைந்துவிடுகிறது.

எளிய வடிவம், தரவைக் கலைத்துப் போட்டு 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 20 சதவீதத்தைச் சோதனைக்கும் ஒதுக்குவது. பத்து நிமிடத் தொடரில் 10:20 மணி அளவீடு சோதனையில் இருக்க, 10:10-உம் 10:30-உம் பயிற்சியில் இருக்கும். மாதிரி அங்கே இடையில் விடுபட்ட புள்ளியை நிரப்புகிறது, எதிர்காலத்தைக் கணிக்கவில்லை.

நீங்கள் குறிப்பிட்ட கூறுபிரிப்புக் கட்டுரைகளில் கசிவு இதைவிட நுட்பமானது, அதனாலேயே மதிப்பீட்டாளர்களின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. வேவ்லெட் முறையை வழக்கமான வடிவில் ஒரு முழுத் தொடர்மீது ஓட்டும்போது, ஒரு கணத்துக்குரிய கூறின் மதிப்பைக் கணக்கிட அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் உள்ள அளவீடுகள் சேர்த்தே எடுக்கப்படுகின்றன. பலர் முழுத் தொடரையும் ஒரே தடவையில் பிரித்துவிட்டு, அதன் பிறகே பயிற்சி, சோதனை என்று வெட்டுகிறார்கள். அப்போது கூறின் இன்றைய மதிப்புக்குள் நாளைய காற்று கரைந்து கிடக்கிறது. கணிக்க மிகக் கடினமான வேகமான அலைவுகள்தாம் இதனால் மிக எளிதாகிவிடுகின்றன. பிழை பாதியாவதற்குப் பல கட்டுரைகளில் இதுவே காரணம்.

சரியான வழி, கணிப்பு வெளியிடும் ஒவ்வொரு கணத்திலும் அதுவரை உள்ள தரவை மட்டும் புதிதாகப் பிரிப்பது. அப்படிச் செய்தால் தொடரின் வலது ஓரத்தில் கூறுகள் சிதையும். கணிப்புக்குத் தேவைப்படுவதோ அந்த ஓரம்தான். ஒரு கட்டுரையில் கூறுபிரிப்பு எந்தக் கட்டத்தில் நடந்தது என்று தெளிவாக எழுதப்படவில்லை என்றால், அதை உங்கள் அட்டவணையில் தனி நெடுவரிசையாகப் பதிவு செய்யுங்கள்.

மேகநிரை எழுதியது:

வானிலைப் பக்கத்திலும் இதே கசிவு உண்டு. நிறையக் கட்டுரைகள் ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வுத் தரவை உள்ளீடாகக் கொடுத்து “அடுத்த நாள் முன்கணிப்பு” என்கின்றன. ஈஆர்ஏ5 ஒரு முன்கணிப்பே அல்ல. நடந்து முடிந்த வானிலையை, அளவீடுகளைச் சேர்த்து மீட்டுருவாக்கிய பதிவு. 12 மணி நேரச் சாளரத்துக்குள் வரும் எல்லா அளவீடுகளையும் அது ஒருசேர எடுத்துக்கொள்வதால், ஒரு கணத்தின் மதிப்பில் அதற்குப் பிந்தைய அளவீடுகளின் தாக்கமும் இருக்கும். காற்று வளத்தை மதிப்பிட அது அருமையான தரவு. முன்கணிப்பு மாதிரியைச் சோதிக்க அது உதவாது.

உண்மையான வானிலை முன்கணிப்பை எடுத்தாலும் ஒரு பொறி இருக்கிறது. நள்ளிரவு அளவீட்டிலிருந்து தொடங்கும் உலக மாதிரி நள்ளிரவில் கைக்கு வருவதில்லை. அளவீடுகள் சேர வேண்டும், மாதிரி ஓட வேண்டும், கோப்புகள் வந்து இறங்க வேண்டும். பல மணி நேரம் கழிந்துவிடும். அதற்குள் “ஆறு மணி நேர முன்கணிப்பு” பழையதாகிப் போயிருக்கும். பெரும்பாலான கட்டுரைகள் இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இதெல்லாம் ஏன் இவ்வளவு பெரிதாக வெளிப்படுகிறது என்றால், காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைச் சார்ந்தது. விநாடிக்கு 8 மீட்டரில் அடிக்கும் காற்று 9 மீட்டரானால் ஆற்றல் 42 சதவீதம் கூடிவிடுகிறது. வானிலையாளருக்கு ஒரு மீட்டர் பிழை மிக நல்ல கணிப்பு. பண்ணைக்கு அது பேரிடி. பெரும்பாலான காற்றாலைகள் விநாடிக்கு 3, 4 மீட்டரில் சுழன்று உற்பத்தி தொடங்கி, 12, 13 மீட்டரில் முழுத்திறனை எட்டுகின்றன. அந்த இடைப்பட்ட செங்குத்துச் சரிவில்தான் முன்கணிப்பின் எல்லாத் துன்பமும் இருக்கிறது.

ஆழ்வலை எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு இயந்திரக் கற்றலே வீண் என்று வளிமகள் எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். கசிவு உள்ள கட்டுரைகளை நானும் ஏற்பதில்லை. ஆனால் கசிவே நுழைய முடியாத களத்தில் இந்த முறைகள் சோதிக்கப்பட்டு வென்றிருக்கின்றன.

2014-இல் நடந்த உலக ஆற்றல் முன்கணிப்புப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் 10 காற்றுப் பண்ணைகள். உள்ளீடாக ஐரோப்பிய மையத்தின் உண்மையான முன்கணிப்புகள், 10 மீட்டர் உயரத்திலும் 100 மீட்டர் உயரத்திலும். கேட்கப்பட்டது ஒற்றை எண் அல்ல. ஒவ்வொரு மணிக்கும் 99 குவாண்டைல்கள்; அதாவது உற்பத்தி இந்த அளவுக்குக் கீழே இருக்க 1 சதவீத வாய்ப்பு, 2 சதவீத வாய்ப்பு என்று 99 சதவீதம் வரையிலான எல்லைகள். தரவு சுற்றுச் சுற்றாக வெளியிடப்பட்டது. கணிப்பை அனுப்பிய பிறகே விடை கிடைக்கும். அங்கே முன்னணிக்கு வந்தவற்றில் முடிவு மரங்களை அடுக்கிக் கற்கும் முறைகளும் மிக ஒத்த பழைய நேரங்களைத் தேடிக் கணிக்கும் அண்மை அயலார் முறையும் இருந்தன. இது உண்மையான முன்னேற்றம்.

வானிலைக் கணிப்பே இப்போது மாறிவருகிறது. 2023-இல் பாங்கு-வெதர், கிராஃப்காஸ்ட் ஆகிய கற்றல்வழி மாதிரிகள் வந்தன. பத்து நாள் உலகக் கணிப்பைக் கிராஃப்காஸ்ட் ஒற்றைக் கணிப்பொறியில் ஒரு நிமிடத்துக்குள் தந்துவிடுகிறது. 2025 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பிய மையமே தன் கற்றல்வழி மாதிரியை அன்றாடப் பணியில் இயக்குகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதை நம்பியிருக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே.

மேகநிரை எழுதியது:

அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் காற்றாலைக்காரர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நீங்கள் சொன்ன அந்த இரண்டு 2023 மாதிரிகளும் அட்சரேகை, தீர்க்கரேகையில் சுமார் கால் பாகைக் கட்டங்களில் இயங்குகின்றன. கிராஃப்காஸ்ட் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தாவலாக முன்னேறுகிறது. ஒரு பண்ணையின் உற்பத்தி ஒரு மணி நேரத்துக்குள் சரியும்போது, அந்தச் சரிவு எப்போது என்பதை ஆறு மணி நேரத் தாவல் சொல்லாது. மேலும், வர்க்கப் பிழையைக் குறைக்கும்படி பயிற்றுவிக்கப்பட்ட மாதிரி நாள் செல்லச் செல்லப் புலங்களை மழுக்கிவிடும். உச்சக் காற்று மங்கிப்போகும். விநாடிக்கு 25 மீட்டரை ஒட்டிப் பல காற்றாலைகள் பாதுகாப்புக்காகத் தாமே நின்றுவிடுகின்றன. முழு உற்பத்தியிலிருந்து சுழியத்துக்கு. அந்த உச்சம் மழுங்கினால் ஆபத்து கண்ணில் படாது.

இடைமதிப்பு எழுதியது:

ஆழ்வலை சொன்ன போட்டியிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: முன்னேற்றம் பெரிதும் நல்ல உள்ளீட்டிலிருந்தே வந்தது. வானிலைக் கணிப்பு உள்ளே வந்ததும் எளிய முறையும் நன்றாக வேலை செய்கிறது. அது இல்லாமல் வலையை எவ்வளவு ஆழமாக்கினாலும் அடுத்த நாள் காற்று முந்தைய நாள் தொடருக்குள் இல்லை.

பண்ணைக்காவல் எழுதியது:

பண்ணையின் பராமரிப்புப் பக்கத்திலிருந்து வருகிறேன். நீங்கள் எல்லோரும் “தரவு” என்கிறீர்கள். அந்தத் தரவு எங்கிருந்து வருகிறது என்று யாரும் பேசவில்லை.

ஸ்காடா எனப்படும் பண்ணைக் கண்காணிப்புக் கணினியின் பதிவில் உள்ள காற்று வேகம் பெரும்பாலும் காற்றாலையின் தலைப்பெட்டிமேல் இருக்கும் அளவியில் எடுக்கப்படுவது. அது சுழலிக்குப் பின்னால் இருக்கிறது. இறக்கைகள் ஆற்றலை உறிஞ்சிக் கலக்கிவிட்ட காற்றையே அது அளக்கிறது. உற்பத்தியாளரின் திருத்தம் உள்ளே போடப்பட்டிருக்கும். ஆனால் அது திறந்தவெளிக் காற்று ஆகிவிடாது.

இதைவிடப் பெரிய தலைவலி உற்பத்திக் குறைப்பு ஆணை. மின்தொகுப்பில் இடமில்லை என்று பண்ணையின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்வார்கள். காற்று நன்றாக அடிக்கும், மின்சாரம் குறைவாகப் பதிவாகும். அந்தப் புள்ளிகளை நீக்காமல் பயிற்றுவித்தால் “பலத்த காற்றுக்குக் குறைந்த மின்சாரம்” என்று மாதிரி கற்றுக்கொள்ளும். பராமரிப்புக்காக நிறுத்திய காற்றாலைகள், இரவில் ஒலியைக் குறைக்க மெதுவாக ஓட்டப்படும் காற்றாலைகள், குளிர்நாடுகளில் இறக்கையில் படியும் பனி ஆகியவையும் அப்படியே. எந்தக் காற்றாலை எப்போது எந்த நிலையில் இருந்தது என்ற பதிவு தனியாக இருக்கும். ஆய்வாளர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல், வேகத்துக்கும் மின்சாரத்துக்கும் வரைந்த வளைவிலிருந்து விலகிய புள்ளிகளை எல்லாம் “பிழைத் தரவு” என்று துடைத்துவிட்டு, மீதமுள்ளதில் கணிப்பு துல்லியமாக இருக்கிறது என்கிறார்கள். கடினமான நேரங்களைச் சோதனையிலிருந்து அகற்றினால் துல்லியம் கூடத்தானே செய்யும்!

நேரக்குறியையும் பாருங்கள். 10:00 என்றால் அது பத்து நிமிடச் சராசரியின் தொடக்கமா முடிவா? உள்ளூர் நேரமா உலக நேரமா? இரண்டு மூலங்களின் தரவை இணைக்கும்போது ஒரு மணி நேரம் நகர்ந்துபோன கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

வளிமகள் எழுதியது:

இது வகுப்பறையில் கிடைக்காத தகவல், மிக்க நன்றி ஐயா. நிலைப்பதிவைக் கேட்டு எழுதப்போகிறேன்.

இன்னொரு சிக்கல். ஒவ்வொரு மணிக்கும் ஒற்றை எண்ணைத் தந்து சராசரி வர்க்கமூலப் பிழையைக் காட்டினால் போதும், நிகழ்தகவுக் கணிப்பு தேவையற்ற சுமை என்று என் துறையில் சிலர் சொல்கிறார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்குக் குவாண்டைல்களால் உண்மையில் பயன் உண்டா?

கட்டுப்பாட்டறை எழுதியது:

உண்டு. ஒற்றை எண்ணை மட்டும் கொடுத்தால் நான் என்னிடமுள்ள அச்சத்தின் அளவுக்கு இருப்புத் திறனை (அவசரத்துக்கென்று தயாராக வைக்கும் மின்னுற்பத்தியை) வைத்துக்கொள்வேன். அமைதியான நாளில் அது வீண் செலவு, கொந்தளிப்பான நாளில் அது போதாது. நாளைய நிச்சயமின்மை எவ்வளவு என்று தெரிந்தால்தான் இருப்பை நாளுக்கு ஏற்ப மாற்ற முடியும்.

டெக்சாஸில் 2008 பிப்ரவரி 26 அன்று நடந்ததைப் படியுங்கள். மாலையில் தேவை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்துக்குள் காற்றாலை உற்பத்தி 1,700 மெகாவாட்டுக்கு மேலிருந்து 300 மெகாவாட் அளவுக்கு இறங்கியது. அவசரநிலை அறிவிக்கப்பட்டு, ஒப்பந்தம் செய்திருந்த பெரு நுகர்வோரின் மின்சுமை துண்டிக்கப்பட்டது. அங்கே அப்போது சோதனை நிலையில் ஒரு முன்கணிப்பு அமைப்பு இருந்தது; அந்த இறக்கத்தை அது ஓரளவு சரியாகவே காட்டியது. ஆனால் அது இயக்குநர்களின் நடைமுறைக்குள் இன்னும் சேர்க்கப்படவில்லை. பிழையை அரை சதவீதம் குறைப்பதற்காக இரவு பகலாக உழைக்கும் ஆய்வாளர்கள், கணிப்பு யார் கைக்கு, எந்த வடிவில், எந்த நேரத்தில் போய்ச் சேர்கிறது என்பதையும் தங்கள் ஆய்வின் பகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் மனதார வேண்டுகிறேன்.

இடைமதிப்பு எழுதியது:

கணக்கு வழியிலும் இதைக் காட்டலாம். சந்தையில் பண்ணை தன் நாளைய உற்பத்தியை முன்கூட்டியே அறிவிக்கிறது. அறிவித்ததைவிடக் குறைந்தால் ஒரு அலகுக்கு ஆகும் இழப்பு, கூடினால் ஆகும் இழப்பைப்போல் மூன்று மடங்கு என்று கொள்ளுங்கள். அப்போது அறிவிக்க வேண்டிய அளவு சராசரி அல்ல, 25 சதவீதக் குவாண்டைல். இழப்பு விகிதம் மாறினால் குவாண்டைலும் மாறும். ஒற்றை எண்ணைக் கொடுத்தவர் இந்தத் தேர்வை வாங்குபவரிடமிருந்து பறித்துவிடுகிறார்.

பிழை அளவைப் பற்றியும் ஒன்று. வர்க்கப் பிழையைக் குறைக்கும் கணிப்பு சராசரி. கூடுதலா குறைவா என்று பாராமல் அளவை மட்டும் எடுக்கும் தனிமதிப்புப் பிழையைக் குறைக்கும் கணிப்பு இடைமதிப்பு, அதாவது வரிசையின் நடுவில் உள்ள மதிப்பு. காற்றாலை உற்பத்தியின் பரவல் சமச்சீரற்றது என்பதால் இரண்டும் வேறு வேறு எண்கள். ஒரே கணிப்பை இரண்டு அளவிலும் போட்டு “இரண்டிலும் நானே முதல்” என்று காட்டுவதில் பொருள் குறைவு. சதவீதப் பிழையை மட்டும் தொடவே தொடாதீர்கள். உற்பத்தி சுழியத்தை நெருங்கும்போது வகுத்தல் வெடித்துவிடும்.

மேகநிரை எழுதியது:

குழுமக் கணிப்பை நேரடியாக நிகழ்தகவாக எடுத்துக்கொள்வதிலும் எச்சரிக்கை தேவை. ஐரோப்பிய மையம் 1992 முதல் குழுமக் கணிப்பு இயக்குகிறது. தொடக்க நிலையைச் சற்றே மாற்றிய 50 ஓட்டங்கள் இப்போது இருக்கின்றன. ஆனால் தரைக்கு அருகிலுள்ள காற்றுக்கு அந்த 50-உம் முதல் ஓரிரு நாட்களில் தேவைக்கும் குறைவாகவே விரிகின்றன. 80 சதவீத இடைவெளி என்றால் பத்தில் எட்டு முறை உண்மை அதற்குள் விழ வேண்டும். திருத்தாத குழுமம் அதைவிடக் குறைவாகவே பிடிக்கும். பண்ணையின் பழைய அளவீடுகளைக் கொண்டு அளவுதிருத்தம் செய்த பின்பே கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்ப வேண்டும்.

ஆழ்வலை எழுதியது:

எனக்கு ஒரு நடைமுறைக் கவலை இருக்கிறது. இத்தனையையும் நேர்மையாகச் செய்தால் கிடைக்கும் முன்னேற்றம் சிறிதாகவே இருக்கும். “பிழை 3 சதவீதம் குறைந்தது” என்று எழுதினால் இதழ்கள் ஏற்குமா? இளம் ஆய்வாளர்களுக்கு இது வாழ்வாதாரக் கேள்வி.

இடைமதிப்பு எழுதியது:

ஏற்க வைக்க வேண்டும். சிறிய முன்னேற்றம் தற்செயலா இல்லையா என்பதற்கு டீபோல்ட்–மரியானோ சோதனை 1995 முதல் இருக்கிறது. கணிப்புப் பிழைகள் ஒன்றையொன்று தொடர்ந்து வருபவை என்பதையும் அது கணக்கில் கொள்கிறது. ஒரே பருவம் அல்லாமல் முழு ஆண்டுச் சோதனைத் தரவு, ஒன்றுக்கு மேற்பட்ட பண்ணைகள், எல்லோரும் மறுபடி ஓட்டிப் பார்க்கக்கூடிய நிரல் ஆகியவற்றோடு வரும் 3 சதவீதம், இவை எதுவும் இல்லாத 50 சதவீதத்தைவிட மேலானது. மதிப்பீட்டாளராக என் மேசைக்கு வரும்போது நான் அதற்காக வாதாடுவேன். மற்றவர்களும் வாதாட வேண்டும்.

வளிமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இயலை இப்படி அமைக்கிறேன். கட்டுரைகளை முறையின் பெயரால் வகைப்படுத்தாமல் நேர எல்லையால் பிரிக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒப்பீட்டுக் கணிப்பு எது, கூறுபிரிப்பு எந்தக் கட்டத்தில் நடந்தது, வானிலை உள்ளீடு உண்மையான முன்கணிப்பா மறுபகுப்பாய்வா, நீக்கப்பட்ட தரவு எது என்று பதிவு செய்கிறேன். “எழுதப்படவில்லை” என்பதும் ஒரு பதிவாக இருக்கும்.

கடைசியாக ஒன்று மேகநிரையிடம். பழைய ஆண்டுகளின் உண்மையான முன்கணிப்புகளை, வெளியிட்ட நேரத்தில் இருந்தபடியே, ஓர் ஆய்வு மாணவி எங்கே பெற முடியும்?

மேகநிரை எழுதியது:

டிக்கி (TIGGE) என்ற சேமிப்பகம் 2006 முதல் பல உலக மையங்களின் குழுமக் கணிப்புகளை ஆய்வுக்காக இலவசமாக வைத்திருக்கிறது. நேர இடைவெளி ஆறு மணி என்பதை மட்டும் மறக்காதீர்கள். அமெரிக்க வானிலை மையம் தன் குழும மாதிரியின் ஒரே பதிப்பைக் கொண்டு 2000 முதல் 2019 வரை மறுபடி ஓட்டிய கணிப்புகளையும் திறந்து வைத்திருக்கிறது. மாதிரி இடையில் மேம்படுத்தப்பட்டு உங்கள் பயிற்சித் தரவு இரண்டாக உடையும் தொல்லை அதில் இல்லை.

இவற்றோடு, இன்றைய கணிப்புகளை நீங்களே இன்று முதல் சேமிக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு கோப்போடும் மாதிரி தொடங்கிய நேரம், உங்கள் கணினியில் வந்து இறங்கிய நேரம், மாதிரியின் பதிப்பு எண் ஆகிய மூன்றையும் எழுதிவையுங்கள். எல்லாம் உலக நேரத்தில். உங்கள் ஆய்வு முடியும் தறுவாயில் அந்தத் தாமதங்களின் பதிவு வேறு எங்கும் கிடைக்காத ஒன்றாக உங்களிடம் இருக்கும்.

வளிமகள் எழுதியது:

இன்றிரவே தொடங்குகிறேன். வரைவு தயாரானதும் அட்டவணையை இதே இழையில் இடுகிறேன். ஒப்பீட்டுக் கணிப்பிடம் தோற்ற முறைகளும் அதில் இருக்கும்.